கழற்றிக் கற்ற மேதை: ஜி. டி. நாயுடு

கொங்கு நாட்டின் தொழில்வளத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் எவரும் கோபால்சாமி துரைசாமி நாயுடு என்னும் பெயரைக் கூறாது மேற்செல்லுதல் இயலாது. அன்னார் 1893ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23ஆம் நாள் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பள்ளிப் படிப்பில் அவருக்கு மனம் செல்லவில்லை; தொடக்க வகுப்புக்களோடு ஏட்டுக்கல்வி நின்றுபோயிற்று.

இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஏறிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளை அவர் கண்டார். மாடும் குதிரையுமின்றித் தானே ஓடும் அவ்வண்டி அவருள்ளத்தைக் கவர்ந்தது. அதனை அடையக் கருதிக் கோயம்புத்தூர் உணவு விடுதியொன்றிற் பரிமாறும் வேலை செய்து பொருள் சேர்த்தார். முடிவில் வண்டியை வாங்கியவர், ஏறி உலாவி மகிழ்ந்ததோடு அமையாது, அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அதுவே அவர் பயின்ற கலாசாலை எனலாம்.

1920ஆம் ஆண்டில் ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அவ்வொரு வண்டியே யு. எம். எஸ். என்னும் பெரிய போக்குவரத்து நிறுவனமாய் வளர்ந்தது. 1932இல் பைகாரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் தோன்றியபின் கோவை வட்டாரம் புத்துயிர் பெற்றது. 1937இல் அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து, இந்தியாவிலேயே முதலாவதெனப் போற்றப்படும் மின்மோட்டாரைப் பீளமேட்டில் ஆக்கினர். உலர்மின்கலத்தால் இயங்கும் சவரக்கருவியும் அவர் படைத்ததே.

அவர் கற்ற முறையின் பயனை இன்றும் காணலாம். சத்தியமங்கலத்தினின்று திம்பம் மலையின் 27 வளைவுகளில் ஏறும் கார் ஒன்றிற் குளிர்காற்று நின்றுவிடின், அறியாதார் கம்பிரசரையே மாற்ற முயல்வர். அறிந்தவரோ முதலில் பியூஸையும், பின்னர் ரிலேயையும் பார்த்து, கம்பிரசரின் கிளச்சுக்கு மின்சாரம் வருகின்றதா என மீட்டர் வைத்துச் சோதிப்பர். வந்தும் கிளச்சு பற்றாவிடின் அதன் சுருளிலோ தரைக்கம்பியிலோ குற்றம் உண்டு. வாராவிடின் குற்றம் அதற்கு முன்னே உளது. வாயு குறைந்தபோதும் அழுத்த சுவிச்சு மின்சாரத்தைத் தடுத்துவிடுமாதலின், மின்குற்றம்போல் தோன்றுவது வாயுக்குறையாகவும் இருத்தல் கூடும். உறுப்புக்களின் தொடர்பை உணர்ந்தார்க்கன்றி இவ்வரிசை விளங்காது.

இவ்வறிவை இளைஞர்க்கு ஊட்ட விரும்பிய நாயுடு, பெரும்பொருள் வழங்க, 1945இல் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. அதுவே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. அதன் தலைவராயிருந்த அவர், நான்காண்டுப் படிப்பு காலத்தை வீணாக்குமென்றும், இரண்டாண்டுகளே போதுமென்றும் வாதிட்டார். அரசாங்கம் இசையவில்லை, தாம் வளர்த்த பதவியைத் துறந்து வெளியேறினார்.

அவர் கொள்கையை முற்றும் ஏற்பது அரிது. கணிதமும் பௌதிகமும் ஆழ்ந்து கற்பதற்குக் காலம் வேண்டும். ஆயினும் பட்டம் பெற்றும் ஒரு திருகாணியைத் தொட்டறியாதவரை அவர் வினா இன்றும் விடாது தொடர்கின்றது. 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அவர் காலமானார். கோவை அவிநாசி சாலையிலுள்ள அவர்தம் கண்காட்சியைக் காணும் மாணவர், பொருள்களை வியப்பதோடு நில்லாது, அவை எவ்வாறு இயங்குகின்றன எனக் கேட்பாராயின், அதுவே அப்பெரியார்க்குச் செய்யும் தக்க நன்றியாகும்.