பாதரச வால்வை அடக்கிய ஊனோ லாம்



எஸ்.சி.ஆர்.களைத் தொடராக இணைக்கும்போது ஒவ்வொன்றின் குறுக்கேயும் ரெசிஸ்டர் போட்டுப் படம் வரைகிறோம். வோல்டேஜ் சமமாகப் பிரியணும் என்பதற்காக. எஸ்.சி.ஆர். பிறப்பதற்கு வெகு காலம் முன்பே இதே யோசனையைப் பிடித்துக்கொண்டு 25 ஆண்டுகள் போராடிய ஒருவர் இருந்தார். அவர்தான் ஊனோ லாம்.

1904-ல் சுவீடன் நாட்டின் கோதன்பர்க் நகரில் பிறந்தவர். ஸ்டாக்ஹோமில் பொறியியல் படித்துவிட்டு ஏ.எஸ்.இ.ஏ. கம்பெனியில் சேர்ந்தார். 1929-ல் பாதரச வால்வு வேலை அவர் கைக்கு வந்தது.

அந்த வால்வு என்பது காற்று நீக்கிய ஒரு கலம். அடியில் கேதோடாகப் பாதரசம், மேலே ஆனோடு, நடுவில் கிரிட். கிரிட்டில் பல்ஸ் கொடுத்தால் ஆர்க் பிடித்து கரண்ட் ஒரே பக்கம் ஓடும். கரண்ட் சைபரானால்தான் அணையும். நம்ம எஸ்.சி.ஆர். மாதிரியேதான்!

ஆனால் ஒரு வில்லங்கம். ரிவர்ஸ் வோல்டேஜ் வரும்போது தடுக்க வேண்டிய வால்வு, திடீரென்று எதிர்ப்பக்கம் ஆர்க் அடித்துவிடும். உடனே ஷார்ட் சர்க்யூட். இதற்கு ஆர்க்-பேக் என்று பெயர். எப்போது வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது.

லாம் சும்மா விட்டாரா? ஆனோடுக்கும் கிரிட்டுக்கும் நடுவில் பல இடை மின்வாய்களை வைத்து, வெளியே பொட்டென்ஷியல் டிவைடரோடு இணைத்தார். மொத்த வோல்டேஜும் ஒரே இடத்தில் விழாமல் பங்கு பிரிந்தது. அப்படியும் ஆர்க்-பேக் முழுசாக ஒழியவில்லை. அதனால் தவறு நேர்ந்தால் கிரிட்டை அடைத்து, கரண்ட்டை பைபாஸ் வால்வு வழியே திருப்பிவிடும் ஏற்பாடு வந்தது. 1940களில் டிரோல்ஹேட்டனில் நிஜ மின்சாரத்தில் வைத்தே சோதித்தார்கள். இதற்கிடையே, வேலை பார்த்துக்கொண்டே 1943-ல் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார்!

1954-ல் பலன் கிடைத்தது. கோட்லாந்து தீவுக்குக் கடலடியில் சுமார் 100 கி.மீ. கேபிள். அவ்வளவு நீளத்துக்கு ஏ.சி. கொடுத்தால் கேபிளே கெப்பாசிட்டராகிச் சார்ஜிங் கரண்ட்டை இழுக்கும். டி.சி.யில் அந்தத் தொல்லை இல்லை. 100 கிலோவோல்ட்டில் 20 மெகாவாட் போய்ச் சேர்ந்தது. பிற்பாடு அமெரிக்காவில் பசிபிக் டி.சி. லைன் திட்டத்திலும் உழைத்தார். 1989-ல் மறைந்தார்.

பாதரசம் போய் தைரிஸ்டர் வந்துவிட்டது. சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து நம்ம புகளூருக்கு பிளஸ் மைனஸ் 800 கிலோவோல்ட் டி.சி. வருகிறது. அங்கேயும் தொடர் இணைப்பு, அதே பங்கு பிரிப்பு.

ஒரு விஷயம் மறக்கக் கூடாது. சுவிட்சை ஆஃப் பண்ணினாலும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். சப்ளையைப் பிரி, திரும்ப ஆன் ஆகாதபடி பூட்டு, வோல்டேஜ் இல்லையென்று மீட்டரில் பார், எர்த் பண்ணு. அப்புறம்தான் கை வைக்கணும். லேபிலும் இதே வரிசைதான்.

எங்கள் குடும்பத்தில் கரண்ட் பில் கட்டியவர்கள் உண்டு. கரண்ட் எப்படி வருகிறது என்று படிக்க வந்த முதல் ஆள் நான். ரீடிங் சரியா வரலைன்னா முந்தின பேட்ச் ரெக்கார்டைத் தேடும் பழக்கம் நம்மில் சில பேருக்கு உண்டு. லாமுக்கோ சரியாக வராத ரீடிங்தான் வேலையே! சுவிட்ச் தவறாது என்று நம்பாமல், தவறினாலும் யாருக்கும் ஆபத்து வராதபடி கட்டினார். நாமும் அப்படியே கட்டுவோம், நண்பர்களே!