நீச்சல் பாதியில் நின்னுச்சு... வாட்ச் நிக்கலை! யார் இந்த ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப்?

பழைய வாட்ச் ஏலங்களில் ஒரு விநோதம் உண்டு. கடலில் மூழ்குபவர்களுக்காக 1950-களில் செய்த ரோலெக்ஸ் 'சப்மரீனர்', டயல் மங்கி, ஓரமெல்லாம் கீறலோடு வந்தாலும் பல லட்சம் ரூபாய்க்குப் போகும். அதையே பாலிஷ் போட்டு, புது டயல் மாட்டிக் கொண்டுவந்தால் விலை இறங்கிவிடும். சேகரிப்பவர்களுக்கு வேண்டியது பளபளப்பு இல்லை, தண்ணீருக்குள் போய்வந்த அடையாளம்தான். இந்த மோகத்துக்கு விதை போட்டவர்களில் முக்கியமானவர் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப்.

1881-ல் ஜெர்மனியின் குல்ம்பாக் நகரில் பிறந்தவர். 12 வயதிலேயே அப்பா, அம்மா இருவரும் இல்லை. விடுதிப் பள்ளியில் வளர்ந்தார். சுவிட்சர்லாந்தில் கடிகார வியாபாரம் பழகி, 1905-ல் லண்டனில் ஆல்ஃபிரட் டேவிஸுடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார். 1908-ல் 'ரோலெக்ஸ்' பெயரைப் பதிவு செய்தார். பிறகு ஜெனீவாவுக்கே குடிபெயர்ந்தார்.

அப்போ கைக்கடிகாரம் என்றாலே பெண்கள் போடும் நகை. தண்ணீர் பட்டால் அவ்வளவுதான்! முக்கியமாகத் தண்ணீர் புகும் வழி, சாவி கொடுக்கும் திருகு. அதை பாட்டில் மூடி மாதிரி திருகி இறுக்கும் முறைக்கு வேறு இருவர் காப்புரிமை வைத்திருந்தார்கள். வில்ஸ்டார்ஃப் அதை விலைக்கு வாங்கினார். 1926-ல் 'ஆய்ஸ்டர்', அதாவது சிப்பி, பிறந்தது.

சரி, ஜனங்க நம்பணுமே?

1927 அக்டோபர் 7-ல் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற இளம்பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அதைச் சாதித்த முதல் பிரிட்டிஷ் பெண் அவர்தான். சில நாளிலேயே இன்னொரு பெண் அதைவிட வேகமாகக் கடந்ததாகச் சொல்லி, பிறகு அது பொய் என்று ஒப்புக்கொண்டார். சந்தேகம் கிளைட்ஸ் மீதும் விழுந்தது. தன்னை நிரூபிக்க, அக்டோபர் 21-ல் மறுபடியும் கடலில் இறங்கினார். அவர் கழுத்தில் வில்ஸ்டார்ஃப் கொடுத்த ஆய்ஸ்டர்.

உறைய வைக்கும் குளிர். 10 மணி நேரத்துக்கு மேல் போராடியவரைப் படகில் தூக்க வேண்டியதாயிற்று. கரை சேரவில்லை. ஆனா வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது! நவம்பர் 24-ல் டெய்லி மெயில் முதல் பக்கத்தில் ரோலெக்ஸ் விளம்பரம். வாட்ச்சுக்குக் கிடைத்த புகழில் பாதிகூட நீந்தியவருக்கு நிலைக்கவில்லை.

விளம்பரக் கில்லாடி மட்டும்தானா இவர்? இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் முகாம்களில் அடைபட்ட பிரிட்டிஷ் வீரர்கள் கடிதம் எழுதிக் கேட்டால், போர் முடிந்து பணம் கொடுத்தால் போதும் என்று வாட்ச் அனுப்பினார். பிறந்த நாடு ஜெர்மனி, கடன் கொடுத்தது அதன் கைதிகளுக்கு. அப்படிப் போன வாட்ச்சுகள் இன்றைக்கு, பழைய கடிதங்களோடு சேர்ந்து கிடைத்தால், சேகரிப்பாளர்களுக்குப் பொக்கிஷம்.

1944-ல் மனைவி இறந்தார். குழந்தைகள் இல்லை. கம்பெனியை ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். இன்றைக்கும் அதுதான் உரிமையாளர்.

1953-ல் 100 மீட்டர் ஆழம் தாங்கும் சப்மரீனர் உருவானது. 1960 ஜனவரி 23-ல், 'டிரியெஸ்ட்' என்ற ஆழ்கடல் கலம் பசிபிக்கின் மரியானா அகழியில் சுமார் 10,900 மீட்டர் இறங்கியது. அதன் வெளிப்புறத்தில் கட்டியிருந்த ரோலெக்ஸ், மேலே வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு ஜூலை 6-ல், ஜெனீவாவில் வில்ஸ்டார்ஃப் காலமானார். வயது 79.