மூளைக்கு ஏறாத சாயம்: மருந்துக்கு முகவரி தேடிய பால் எர்லிக்

ஃபைசர், மாடர்னா கொரோனா தடுப்பூசிகளில் எம்.ஆர்.என்.ஏ.வைச் செல்லுக்குள் கொண்டுபோனது கொழுப்பாலான நானோ துகள். அளவு சுமார் 100 நானோமீட்டர். தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. ஜீன் சிகிச்சைக்கும் இப்போது இது ஒரு வண்டி. சரி, வண்டி ரெடி. சரியான வீட்டுக்குப் போகுமா? இந்தக் கவலையை நூறு வருஷத்துக்கு முன்பே பட்டவர் ஒருவர் இருந்தார்.

யார் இந்த எர்லிக்?

1854-ல் பிரஷ்யாவின் ஸ்ட்ரேலன் ஊரில் (இன்று போலந்து) ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். மருத்துவம் படிக்கும்போதே சாயப் பைத்தியம். ஒரே சாயம் சில செல்களில் ஒட்டுகிறது, சிலவற்றில் ஒட்டுவதில்லை. ஏன்? வாழ்நாள் முழுக்க அவரை விரட்டிய கேள்வி இதுதான்.

1885-ல் விலங்குகளின் உடலில் சாயம் செலுத்திப் பார்த்தார். உறுப்புகள் எல்லாம் நிறம் மாறின, மூளை மட்டும் மாறவில்லை. மூளைக்குச் சாயத்தைப் பிடிக்கும் தன்மை இல்லை என்று நினைத்தார். அது தவறு. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே தடுப்பு இருப்பதை அவருடைய மாணவர் கோல்ட்மனின் சோதனைகள் பின்னர் காட்டின.

ராமபாணம் கிடைத்தது

கிருமியில் மட்டும் ஒட்டும் சாயம் இருந்தால், கிருமியை மட்டும் கொல்லும் மருந்தும் இருக்கணுமே? குறி தவறாத அந்த மருந்துக்கு 'மாயத் தோட்டா' என்று பெயர் வைத்தார். நம்ம ஊர் மொழியில் ராமபாணம்.

1908-ல் நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்காக மெட்ச்னிகாஃபுடன் நோபல் பரிசைப் பகிர்ந்தார். அடுத்த ஆண்டு, பயனில்லை என்று ஒதுக்கப்பட்டிருந்த 606-ம் எண் ஆர்சனிக் சேர்மத்தை ஜப்பானியர் ஹாட்டா மறுபடி சோதித்தார். சிபிலிஸ் பிடித்த முயல்கள் குணமாயின! 1910-ல் 'சல்வர்சான்' விற்பனைக்கு வந்தது.

ஆனால் பாணம் முழுசாகக் குறி தவறாமல் போகவில்லை. கரைத்து ஊசி போடுவதில் பிசகினால் ஆபத்து. பக்கவிளைவுகள், மரணங்கள்கூட நேர்ந்தன. பழி எர்லிக் தலையில் விழுந்தது. விவகாரம் 1914-ல் பிராங்ஃபர்ட் நீதிமன்றம் வரை போனது. மறு ஆண்டே, 61 வயதில் இறந்தார். நாஜிகள் அவர் பெயரிலிருந்த தெருவின் பெயரைக்கூட அழித்தார்கள். பிற்பாடு ஜெர்மனியின் 200 மார்க் நோட்டில் அவர் முகமே அச்சானது.

இன்றைக்கு என்ன?

ரத்தத்தில் செலுத்தும் கொழுப்பு நானோ துகள்களில் பெரும்பகுதி போய்ச் சேருவது கல்லீரலுக்கு. அதனால்தான் இந்த வண்டியில் வந்து 2018-ல் அனுமதி பெற்ற பாட்டிசிரான் மருந்தின் இலக்கும் கல்லீரலே. 2025-ல் அமெரிக்காவில் ஒரு கைக்குழந்தைக்கெனத் தனியாகத் தயாரித்த ஜீன் திருத்த மருந்தும் அங்கேதான் வேலை செய்தது.

மூளை? எர்லிக்கின் சாயத்தைத் தடுத்த அதே சுவர் இந்தத் துகள்களையும் தடுக்கிறது. அதைத் தாண்டும் வழியைத்தான் ஆய்வகங்கள் இப்போது தேடிக்கொண்டிருக்கின்றன. அது கிடைத்தால், மூளை நோய்களுக்கும் ஜீன் சிகிச்சை ஒரு ஊசியில் அடங்கிவிடலாம்.