மெழுகுதிரிக் கடனும் ஓர் இரவு அடக்கமும்

மொலியேர் என்ற பிரெஞ்சு நாடக ஆசிரியரின் பெயரை எம் வாசகர்களிற் பலர் கேள்வியுற்றிருப்பர். அரச சபையில் அவர் பெற்ற கீர்த்தியே பெரிதும் பேசப்படுகிறது. அதற்கு முன் பதின்மூன்று ஆண்டுகள் ஒரு சிறு நாடகக் குழுவோடு அவர் ஊர் ஊராய் அலைந்த கதையை அறிந்தோர் சிலரே.

1622ஆம் ஆண்டு தை மாதம் 15ஆம் திகதி பாரிஸ் நகரின் புனித யூஸ்தாஸ் ஆலயத்தில் அவருக்கு ஞானஸ்நானம் வழங்கப்பட்டது. தந்தையார் அரண்மனைக்கு மெத்தை, திரைச்சீலை முதலியன அமைத்துக் கொடுக்கும் உத்தியோகத்தை விலை கொடுத்து வாங்கியவர். தாயார் மறைந்தபோது மகனுக்கு வயது பத்து. யேசு சபையினரின் கிளெர்மோன் கல்லூரியில் அவர் கல்வி பயின்றார். தந்தையின் உத்தியோகம் மகனுக்கென்று காத்திருந்தது. ஆனால் 1643இல் அவ்வுரிமையைக் கைவிட்டு, தாய்வழிச் சொத்தில் 630 லீவர் பெற்றுக்கொண்டு, மதலேன் பெஜார் என்ற நடிகையின் குடும்பத்தோடு சேர்ந்து நாடகக் குழு ஒன்றை ஆரம்பித்தார். பெற்ற மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

பந்தாட்டக் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். சனம் வரவில்லை. வராவிட்டாலும் மேடைக்கு வெளிச்சம் வேண்டும். அக்காலத்தில் வெளிச்சம் என்றால் மெழுகுதிரி. 1645இல் மெழுகுதிரி வியாபாரி 142 லீவர் பாக்கிக்காக வழக்கு வைத்தார். இருபத்துமூன்று வயதில் மொலியேர் கடன்காரராகச் சிறை சென்றார். பிறர் பிணை நின்று மீட்டபின், பாரிசை விட்டுத் தென்பகுதிக்குப் புறப்பட்டார்.

அங்கே கண்டது வேறோர் உலகம். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் நகரசபையாரிடம் அனுமதி பெற வேண்டும். 1648இல் நாந்த் நகரில், ஆளுநர் நோயுற்றிருந்ததால் அவர் தேறும்வரை நாடகம் போடக்கூடாது என்றார்கள். பின்னர் ஒரு நாள் வசூலை ஆஸ்பத்திரி ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. 1656இல் பெசியே நகரில் மாகாண சபை கூடியபோது, மானியம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அங்கத்தவர்களுக்கு இலவசச் சீட்டு வழங்கினார்கள். சபையோ சீட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி தீர்மானித்துவிட்டது!

குழுவில் மாதச் சம்பளம் என்று ஒன்று இருக்கவில்லை. கூட வாடகை, மெழுகுதிரி, வாத்தியகாரர், வாசற்காவலர் செலவு போக எஞ்சியதைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். எஞ்சாத நாளில் பங்கும் இல்லை. இப்படியிருந்தும் குழு கலையவில்லை. மதலேன் கணக்கு வழக்கில் கெட்டிக்காரி. அவரில்லாமல் மொலியேர் இல்லை என்பதே என் எண்ணம்.

1653இல் கொந்தி இளவரசர் குழுவுக்கு ஆதரவளித்துத் தம் பெயரையும் கொடுத்தார். சில ஆண்டுகளில் அவர் மனந்திரும்பிப் பக்தி வாழ்வில் இறங்கினார். நல்லது. ஆனால் நாடகத்தையே பாவமென்று கருதி 1657இல் பெயரையும் மீளப் பெற்றுக்கொண்டார். அவரது மனமாற்றத்துக்கான விலையைக் கொடுத்தது நாடகக்காரரின் வயிறு.

1658 ஐப்பசி 24இல், பதினான்காம் லூயி அரசர் முன் லூவ்ர் அரண்மனையில் நடித்தார்கள். பெரிய துன்பியல் நாடகம் சுமாராகவே எடுபட்டது. அதன்பின் ஊர்களில் போட்டுப் பழகிய சிறு நகைச்சுவையை அரங்கேற்றினார்கள், அரசர் சிரித்தார். அலைச்சல் முடிந்தது.

1664இல் போலிப் பக்தனைச் சாடும் ‘தார்த்தூப்’ தடை செய்யப்பட்டது. 1667இல் அதைப் பார்ப்போரையும் வாசிப்போரையும் திருச்சபைக்குப் புறம்பாக்குவதாகப் பாரிஸ் அதிமேற்றிராணியார் அறிவித்தார். 1669இலேயே தடை நீங்கியது.

1673 மாசி 17, தவக்காலத்து முதல் வெள்ளி. மொலியேருக்கு நெஞ்சு நோய் கடுமை. நாடகத்தை நிறுத்தச் சொன்னார்கள். அன்றாடக் கூலியை நம்பி ஐம்பது தொழிலாளர் இருக்கிறார்கள் என்று அவர் மறுத்தாராம். 1705இல் அவரது வரலாற்றை எழுதியவர் இதைக் கூறுகிறார். நோயாளியென்று தன்னைக் கற்பனை செய்பவனின் வேடத்தில் நடித்து, வீடு சேர்ந்து, இரத்தம் கக்கி இறந்தார்.

தவக்காலத் தருமம் கேட்டு வந்து அவர் வீட்டில் தங்கியிருந்த இரு கன்னியர் அருகிலிருந்தனர். குருவானவரை அழைக்க ஆள் போயிற்று. ஞானஸ்நானம் பெற்ற அதே பங்கின் குருக்கள் இருவர் வர மறுத்தனர் என்றும், மூன்றாமவர் வந்தபோது உயிர் பிரிந்திருந்தது என்றும் மனைவி அர்மாந்து அதிமேற்றிராணியாருக்கு முறையிட்டார். முந்திய பாஸ்குவில் அவர் நற்கருணை பெற்றவர் என்பதையும் எழுதினார். நடிகர் தொழிலை வெறுத்தொதுக்கினாலன்றித் தேவதிரவிய அனுமானங்கள் இல்லையென்பது அக்காலப் பாரிஸ் ஒழுங்கு. ஒழுங்கு ஒழுங்குதான். ஆயினும் சாகக் கிடந்தவன் கூப்பிட்டும் போகாத அந்த இருவரை நினைக்கையில், குருவாகிய எனக்குத் தலை குனிகிறது.

அர்மாந்து அரசரிடமும் ஓடினார். கடைசியில் அனுமதி கிடைத்தது: இரண்டு குருக்கள் மட்டும், ஆடம்பரத் திருப்பலி இல்லை, பகலில் கூடாது. மாசி 21இரவு, தீவட்டி வெளிச்சத்தில் புனித சூசையப்பர் சேமக்காலைக்குக் கொண்டு சென்றார்கள்.

மூன்று நாள் கழித்து, 24ஆம் திகதி வெள்ளிக்கிழமை, அக்குழு அவருடைய ‘மனித வெறுப்பாளன்’ நாடகத்தை மேடையேற்றியது. அன்றும் மெழுகுதிரிச் செலவு போக எஞ்சியதைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.