கழிமுகம் தந்த நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன்

தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கல் தஞ்சை மண்ணில் வெட்டி எடுத்ததன்று. காவிரிக் கழிமுகத்தில் அம்மிக்கும் குழவிக்கும்கூடக் கல் வெளியூரிலிருந்துதான் வரவேண்டும். ஆறு கொணர்ந்து சேர்த்த வண்டலும் மணலும் களியுமே அங்கு மண்வெட்டிக்குத் தட்டுப்படும். அந்தக் கல்லில்லா நாட்டில், தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்தில், 1898ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் பிறந்தவர் சீதாராமன் கிருஷ்ணன். இந்தியப் பாறைகளின் வரலாற்றை முழுமையாக எழுதிய பேரறிஞர் கல்லைக் காணாத சீமையில் பிறந்தார் என்பது வியப்புக்குரியதே.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்று, சென்னை மாநிலக் கல்லூரியில் 1919இல் நிலவியல் சிறப்புப் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று, 1924இல் முனைவர் பட்டத்துடன் திரும்பினார். அவ்வாண்டே இந்திய நிலவியல் அளவைத் துறையில் சேர்ந்தார். அக்காலத்து நிலவியலாரின் கருவிகள் சுத்தியல், திசைகாட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடி ஆகியவையே. கண்ணில் பட்ட பாறையை உடைத்துப் பார்ப்பதும், அது எப்பக்கம் சாய்கிறது என்று குறிப்பதும், வரைபடத்தில் வண்ணம் தீட்டுவதுமே தொழில். ஒரிசாவின் காங்பூர்ப் பகுதியைக் கிருஷ்ணன் இவ்வாறே அளந்து, 1937இல் வெளியிட்ட நூல் அவர் பெயரை நிலைநாட்டிற்று. சேலம், திருச்சி மாவட்டங்களின் இரும்புத் தாதுக்களையும் ஆராய்ந்தார்.

1943இல் இந்தியா, பர்மா நாடுகளின் நிலவியல் பற்றிய அவரது ஆங்கில நூல் வந்தது. நிலவியல் மாணவர் பல தலைமுறையினர் அதைப் பாடநூலாகக் கொண்டனர். 1851இல் தோன்றிய அளவைத் துறைக்கு நூறாண்டுகள் ஐரோப்பியரே தலைவராக இருந்தனர். நூற்றாண்டு நிறைந்த 1951இல் அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் கிருஷ்ணனே.

இத்தனை புகழுக்கு நடுவிலும், அவர் பிறந்த மண் நிலவியல் வரைபடத்தில் வெறும் வண்டல் என்ற ஒரே நிறத்தில்தான் கிடந்தது. அதன் மேற்கு ஓரத்து அரியலூர், உத்தத்தூர்ப் பகுதிகளைப் பிளான்ஃபோர்டு ஆராய்ந்து 1862இலேயே நூல் எழுதிவிட்டார். அங்கே கிடைக்கும் கடற்சிப்பிப் படிமங்கள் உலகப் புகழ் பெற்றவை. அந்தப் படிவுப் பாறைகள் கிழக்கே மெல்லச் சாய்ந்து வண்டலுக்கடியில் மறைகின்றன. மறைந்தபின் எவ்வளவு ஆழம் போகின்றன, அடியில் மேடு பள்ளம் உண்டா என்ற வினாக்களுக்குச் சுத்தியலால் விடை சொல்ல இயலாது. பாறை கண்ணுக்குத் தெரிந்தால்தானே உடைப்பதற்கு!

விடை தேடக்கூடியது வேறொரு கலை. தேவதானப்பட்டிக்கு மேலே சுவரென எழும் பழனி மலையின் பாறை சார்னோகைட் எனப்படும். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பாரின் கல்லறைக் கல் இவ்வினத்தது ஆகையால் ஹாலண்டு இட்ட பெயர் அது. தேனிப் பகுதியில் வானை முட்டும் இவ்வினப் பாறைதான் கழிமுகத்தின் அடியில் தரையாகவும் கிடக்கிறது. இது தண்ணீரைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு கனமானது. மேலே படிந்த மணற்கல்லும் களிக்கல்லும் பெரும்பாலும் 2.2 முதல் 2.5 மடங்கு வரையே. ஆகவே படிவு தடித்த இடத்தில் பூமியின் ஈர்ப்பு சற்றே தளரும்; அடிப்பாறை மேலெழுந்த இடத்தில் இறுகும். தளர்வோ மிகச் சிறிது. கலிலியோவின் பெயரால் அமைந்த அளவில் ஒரு மில்லிகல் என்பது மொத்த ஈர்ப்பில் ஏறக்குறைய பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. மெல்லிய சுருள்வில்லில் தொங்கும் சிறு எடை அதையும் காட்டிவிடும்.

ஆனால் கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்புவதற்கில்லை. அடிவாரத்துத் தேவதானப்பட்டியில் ஒருமுறையும் கொடைக்கானலில் ஒருமுறையும் அதை வைத்துப் பார்த்தால், மீட்டருக்குச் சுமார் 0.3 மில்லிகல் வீதம் உயரம் ஒன்றினாலேயே ஈர்ப்பு குறையும். இடைப்பட்ட மலையின் ஈர்ப்பையும் கணக்கிட வேண்டும். இவற்றையெல்லாம் கழித்தபின் எஞ்சுவதே பாறையின் பேச்சு. அதிலும் ஐயம் தீராது. ஆழத்தில் கிடக்கும் கனத்த பாறையும் மேலாகக் கிடக்கும் சற்றே இலேசான பாறையும் ஒரே எண்ணைத் தரக்கூடும்.

இதனால் இரண்டாம் சாட்சியாகக் காந்த அளவையை அழைப்பர். அடிப்பாறையில் காந்தத் தாது உண்டு; படிவில் அது மிக அருகல். காந்த மாறுதல் கூர்மையாகத் தோன்றினால் அடிப்பாறை அருகில் உள்ளது. பரந்து மழுங்கினால் ஆழத்தில் உள்ளது. புவியின் காந்தமும் நாள்தோறும் ஏறி இறங்கும் இயல்புடையது. கொடைக்கானல் வானாய்வு நிலையத்தில் 1902 முதலே அது பதிவு செய்யப்பட்டது.

அளவைத் துறையில் புவிபௌதிகப் பிரிவு 1945இல் அமைந்தது. எண்ணெய் இயற்கை எரிவாயு ஆணையம் 1956இல் தோன்றி, அப்பத்தாண்டின் இறுதியில் காவிரிப் படுகையில் ஈர்ப்பு, காந்த அளவைகளைத் தொடங்கிற்று. கிருஷ்ணன் அவற்றை நேரில் நடத்தியவர் அல்லர். அவ்வாண்டுகளில் அவர் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் நிலவியல், புவிபௌதிகத் துறையின் தலைவராக இருந்தார். 1961இல் ஐதராபாத்தில் தேசியப் புவிபௌதிக ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தபோது, அதன் தொடக்க ஆண்டுகளில் இயக்குநராகவும் அமர்ந்தார். வாழ்நாளெல்லாம் சுத்தியல் பிடித்தவர், அறுபது கடந்த வயதில், பாறையைக் காணாமலே அறியும் கலைக்கு நிறுவனம் கட்டத் துணிந்தார் என்பதே அவரது வரலாற்றில் போற்றத்தக்க பகுதி. பதவியில் உயர்ந்ததைக் காட்டிலும் இது பெரிது.

அளவைகள் காட்டிய காட்சி எவரும் எண்ணாதது. சமவெளியாகத் தோன்றும் கழிமுகத்தின் அடியில் வடகிழக்கும் தென்மேற்குமாக நீண்ட மேடுகளும் பள்ளங்களும் மாறிமாறிக் கிடந்தன. கும்பகோணம் வழியே ஒரு மேடு. பட்டுக்கோட்டை, மன்னார்குடி வழியே மற்றொன்று. வேதாரண்யம், காரைக்கால் வழியே இன்னொன்று. இடையே தரங்கம்பாடிப் பள்ளம், தஞ்சாவூர்ப் பள்ளம், நாகப்பட்டினப் பள்ளம். ஆழ்ந்த பகுதிகளில் படிவின் தடிமன் 5 கிலோமீட்டரையும் தாண்டும். தேனிப் பள்ளத்தாக்கை மூடி மேலே நெல் நட்டது போன்ற நிலை! 1964இல் காரைக்காலில் ஆழ்துளையிட்டனர்.

எண்ணெய் உடனே கைகூடவில்லை. 1980களின் நடுவில் நரிமணம் பலன் தந்தது. 1993இல் நாகப்பட்டினத்தருகே சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. பின்னர், உழவர் வயலைக் காக்கக் குரல் எழுப்ப, 2020இல் தமிழக அரசு கழிமுகத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் இயற்றிற்று. அடியில் உள்ளதை அறிந்தபின் எழுந்த இவ்வழக்கைக் கிருஷ்ணன் காணவில்லை.

1970இல் அவருக்குப் பத்மபூஷண் விருது அளிக்கப்பட்டது. அவ்வாண்டே ஏப்ரல் 24ஆம் நாள் மறைந்தார். தம் நூலை ஓயாது திருத்தியவர் அவர். ஐந்தாம் பதிப்பு 1968இல், எழுபதாம் வயதில் வந்தது. ஆறாம் பதிப்பு 1982இல், அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்தது.