ஒரு கண்ணை இழந்தும் அணுவைக் கண்டவர்!

ஒரு கிராம் ஈயம், ஒரு கிராம் தாமிரம். இரண்டையும் ஒரு டிகிரி சூடாக்க ஒரே அளவு வெப்பம் போதுமா? போதாது. ஈயத்தைப் போல மூன்று மடங்கு வெப்பத்தைத் தாமிரம் கேட்கும். ஏன் இந்த ஓரவஞ்சனை? விடை தேடியவர் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி பியேர் லூயி டூலாங்.

1785-ல் ரூவன் நகரில் பிறந்தார். நாலு வயதிலேயே பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்தார். மருத்துவம் படித்து, பாரிசில் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார். மருந்தையும் தன் காசிலேயே வாங்கிக் கொடுத்தால் கையில் என்ன மிஞ்சும்? பிறகு வேதியியல் பக்கம் வந்தார்.

1811-ல் நைட்ரஜன் டிரைகுளோரைடைக் கண்டுபிடித்தார். லேசாகச் சீண்டினாலே வெடிக்கும் எண்ணெய் அது! அதன் வெடிப்பில் ஒரு கண் போயிற்று, கைவிரல்களும் சிதைந்தன. வேறு யாராக இருந்தாலும் ஆய்வே வேண்டாம் சாமின்னு ஓடியிருப்பாங்க. டூலாங் ஓடவில்லை.

அலெக்ஸி பெட்டிட் என்ற இளம் இயற்பியலாளரோடு சேர்ந்தார். பொடியாக்கிய உலோகத்தைச் சூடாக்கி, அது எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்று பார்த்தே தன்வெப்பத்தை அளந்தார்கள். மொத்தம் 13 தனிமங்கள். தன்வெப்பத்தை அணு எடையால் பெருக்கினால் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே விடை! 1819-ல் இதை வெளியிட்டார்கள். அதாவது, வெப்பம் எடையைப் பார்ப்பதில்லை. அணுக்களின் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறது. ஈய அணு கனமானது. அதனால் ஒரு கிராமில் அணுக்கள் குறைவு, தேவைப்படும் வெப்பமும் குறைவு. அணு என்று ஒன்று இருக்கிறதா என்றே பலர் சந்தேகப்பட்ட காலம் அது!

மறு வருடமே, 1820-ல், பெட்டிட் காசநோயால் இறந்தார். வயது 28 தான். நண்பர் பாடம் நடத்திய அதே கல்லூரியில், அவர் இடத்தில் டூலாங் பேராசிரியரானார். சம்பாதித்ததை எல்லாம் கருவிகளுக்கே செலவழித்து, 1838-ல் மறைந்தார். பாரிசின் ஈபிள் கோபுரத்தில் பொறித்துள்ள 72 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.

அந்த ஒரே விடைக்குக் காரணம், 1870-களில் போல்ட்ஸ்மனின் ஆய்வுகளால் விளங்கியது. திண்மத்தில் அணுக்கள் நின்ற இடத்திலேயே மூன்று திசைகளில் அதிர்கின்றன. ஒவ்வொரு திசைக்கும் இயக்க ஆற்றல், நிலை ஆற்றல் என இரண்டு பங்கு. ஆக ஆறு பங்கு. ஒரு பங்கு, வாயு மாறிலி 8.3-ல் பாதி. கூட்டினால் ஒரு மோலுக்குச் சுமார் 25 ஜூல்.

வைரமோ இந்தக் கணக்கில் அடங்காமல் அடம்பிடித்தது. சாதாரண வெப்பநிலையில் அதன் அணுக்கள் முழுப் பங்கை வாங்குவதில்லை. அதை 1907-ல் குவாண்டம் கொள்கை மூலம் விளக்கியவர் ஐன்ஸ்டீன்.

அடுத்த தடவை லேப்ல தாமிரக் கலோரிமானியை எடுக்கும்போது 25-ஐத் தாமிரத்தின் அணு எடை 63.5-ஆல் வகுத்துப் பாருங்க. 0.39 வரும். அளந்து கண்ட மதிப்பு 0.385! தீப்பெட்டி, தெர்மாமீட்டர் எதுவும் இல்லாமல் தன்வெப்பம் கிடைச்சாச்சு. அந்த ஒரு வரிக் கணக்குக்குப் பின்னால் ஒரு மனிதரின் கண் இருக்கிறது என்பதை மறக்காதீங்க!