அன்னை தாட்சாயணி வேலாயுதன்

வெள்ளி விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு நம் சங்கத்தார் பணித்தபோது, எவரைத் தேர்வது என்று நாம் நெடுநேரம் எண்ணினோம். அண்ணல் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா ஆகியோரைப் பற்றி நம் இளைஞர்கள் ஓரளவு அறிவர். நம் வகுப்பிற் பிறந்து, கற்று, ஆசிரியப் பணி ஆற்றி, ஐந்து பிள்ளைகளுக்குத் தாயாகி, முதுமையில் மீண்டும் பொதுப்பணிக்கு வந்த ஓர் அன்னையைப் பற்றி அறிந்தோர் சிலரே. ஆதலின் அவ்வம்மையாரின் வரலாற்றை ஈண்டு வரைகின்றோம்.

தாட்சாயணி அம்மையார் 1912ஆம் ஆண்டு சூலைத் திங்களில், கொச்சி நாட்டைச் சேர்ந்த முளவுகாடு என்னும் தீவில், புலையர் வகுப்பிற் பிறந்தார். அக்காலத்தில் அவ்வகுப்பார் பொது வழியில் நடத்தலாகாது. பெண்கள் மேலாடை அணிதலும் ஆகாது. தரையில் கூட்டம் கூட்ட இடம் கிடைக்காமையால், 1913இல் அம்மக்கள் காயல் நீரில் படகுகளை ஒன்றோடொன்று பிணைத்து, அவற்றின் மீது மாநாடு கூட்டினர். நிலம் மறுக்கப்பட்டோர் நீரின் மேல் கூடிய அந்நாள், நம்மனோர் வரலாற்றில் மறக்கலாகாத நாளாகும். அம்மையாரின் குடும்பத்தாரும் அவ்வெழுச்சியில் பங்கு கொண்டவர்களே. ஆதலின் அவர் மேலாடை அணிந்து பள்ளிக்குச் சென்ற முதற் பெண்களுள் ஒருவரானார். தாட்சாயணி என்று அவருக்குப் பெயரிட்டதையே அயலார் பொறுக்கவில்லை. புராணப் பெயர் இவர்களுக்கு ஏன் என்று எள்ளினர்.

அவர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் பயின்றார். ஆய்வுக்கூடத்தில் அவரை அருகே அழைத்துச் செய்முறை காட்ட ஆசிரியர் மனம் கொள்ளவில்லை. அவர் எட்ட நின்று கண்ணாற் கண்டே கற்றார். 1935இல் பட்டமும் பெற்றார். ஒடுக்கப்பட்ட வகுப்பிலிருந்து இந்தியாவில் பட்டம் பெற்ற முதற் பெண்மணி என்று அவரைக் குறிப்பிடுவர். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் பயிற்சியையும் முடித்தார். திருச்சூரிலும் திருப்பூணித்துறையிலும் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 1945 வரை ஆசிரியப் பணி ஆற்றினார். ஒரு நாள் அவர் வயல் வரப்பில் நடந்து சென்றபோது, எதிரே வந்த உயர்சாதிப் பெண்ணொருத்தி சேற்றில் இறங்கி வழிவிடுமாறு கூறினாள். அம்மையார் இறங்கவில்லை. இறங்க வேண்டியவள் எதிரே வந்தவளே ஆயினாள்.

1940இல் சேவாகிராமத்தில் அவருக்கும் ஆர். வேலாயுதன் அவர்களுக்கும் திருமணம் நிகழ்ந்தது. காந்தியடிகளும் கஸ்தூரிபாய் அம்மையாரும் உடனிருந்தனர். தொழுநோயாளர் ஒருவரே சடங்கினை நடத்தி வைத்தார். பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக விளங்கிய கே.ஆர். நாராயணன், வேலாயுதனுக்கு மருமகன் முறையினர்.

1945இல் கொச்சிச் சட்டமன்றத்தில் இடம் பெற்ற அம்மையார், 1946இல் சென்னை மாகாணத்திலிருந்து அரசியலமைப்பு அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. அவ்வவையில் பெண்கள் பதினைவர். அவருள் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் இவர் ஒருவரே. நம் திருத்தணியிற் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணனும் அவ்வவையில் உறுப்பினராய் இருந்தார். தனித் தொகுதி முறையை அம்மையார் ஏற்கவில்லை. இவ்விடத்து அவர் கருத்து அண்ணல் அம்பேத்கரின் கருத்தினின்றும் வேறுபட்டது என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. மைய அரசிடம் அதிகாரம் குவிதலையும் அவர் குறை கூறினார். தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு 1948 நவம்பரில் விவாதத்திற்கு வந்தபோது, சட்டத்தின் தண்டனையோடு மக்கள் மனமும் மாறினாலன்றிப் பயனில்லை என்னும் கருத்தினை வலியுறுத்தினார். அப்பிரிவே இன்று அரசியலமைப்பின் 17ஆம் பிரிவாக நிற்கிறது.

இதுகாறும் கூறியது பலரும் எழுதும் பகுதி. இதற்குப் பின் வருவதே நம் இளைஞர் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி.

குடியரசு மலர்ந்த பின் அம்மையார் தேர்தல் அரசியலிலிருந்து நெடுங்காலம் விலகி நின்றார். 1952இல் கணவர் மக்களவைக்குச் சென்றார். அம்மையாருக்கோ ஐந்து மக்களை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பு இருந்தது. செய்தித்தாள்களில் அவர் பெயர் அருகிற்று. ஒருகால் அரசியலமைப்பையே ஆராய்ந்த பெண்மணியை நாடு மறந்தது போலிருந்தது. ஆயினும் அவர் தம்மை மறக்கவில்லை. பிள்ளைகள் வளர்ந்த பின், 1971இல், ஐம்பத்தெட்டாம் வயதில், அடூர்த் தொகுதியில் மக்களவைக்குப் போட்டியிட்டார், தோற்றார். தோல்விக்குப் பின்னும் வீட்டில் முடங்கினாரல்லர். 1977இல் தில்லியில் ஒடுக்கப்பட்ட பெண்களை ஒன்றுகூட்டி மகிளா ஜாக்ரிதி பரிஷத் என்னும் அமைப்பை நிறுவினார். துப்புரவுப் பணி செய்யும் பெண்களிடையே உழைத்தார். மறு ஆண்டு சூலையில் இயற்கை எய்தினார்.

இதனை நாம் ஏன் விரித்துரைக்கின்றோம்? நம் பாட்டிமாரும் தாய்மாரும் பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே வயலுக்குத் திரும்பினர். மரக்கிளையில் தூளி ஆடும். தாய் நாற்று நடுவாள். வீட்டிலிருந்து குழந்தையைப் பேணும் வாய்ப்பு அவர்கட்கு வாய்த்ததில்லை. இன்று படித்த நம் பெண்களுக்கு அவ்வாய்ப்பு வந்துள்ளது, அது நன்றே. ஆயின் பொதட்டூர்பேட்டையிலும் சுற்றூர்களிலும் நாம் காண்பது யாது? ஆசிரியர் பயிற்சி முடித்த பெண், செவிலியர் படிப்புப் படித்த பெண், முதற் குழந்தை பிறந்ததும் பணியை விடுகிறாள். குழந்தை பள்ளிக்குச் சென்ற பின்னும் திரும்புவதில்லை. சான்றிதழ் பெட்டியில் உறங்குகிறது. மனைவி வீட்டிலிருப்பதே மதிப்பு என்று கணவன் கருதுகிறான். கூலிக்குச் சென்ற தாயின் உழைப்பால் படித்தவனே அவ்வாறு கருதுதல் முறையாகுமா?

விட்ட படிப்பும் பணியும் முடிந்து போனவை அல்ல. ஆசிரியர் தகுதித் தேர்வுச் சான்று இப்போது ஆயுள் முழுமைக்கும் செல்லும். அரசுப் பணியிலுள்ள மகளிர்க்கு மகப்பேற்று விடுப்பு 2021 முதல் தமிழ்நாட்டில் ஓராண்டாக உயர்ந்துள்ளது. இடையில் நின்ற ஆண்டுகளை எண்ணி நாணுதல் வேண்டா. அம்மையார் நின்ற ஆண்டுகள் ஒன்றிரண்டல்ல.

நம் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. மாலை வகுப்புகள் நடக்கும் நம் கட்டடம் பகற்பொழுதில் பூட்டியே கிடக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் தாய்மாரின் குழந்தைகளை அங்குப் பேணுவதற்கு ஏற்பாடு செய்தல் வேண்டும். இரண்டு பாட்டிமார்க்கு ஊதியம் தந்தால் போதும். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளின் முதற் பணியாக இதனைக் கொள்வோமாக. இளைஞர்காள்! வீட்டில் குழந்தையை ஏந்தும் கை நும் கையாகவும் இருக்கட்டும். வரப்பினின்று இறங்க மறுத்த அன்னைக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.